பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் கசிவுநீர்: எல்.பி.ஐ. என்ற ஒரே எண் போதுமா?

சதுப்பு_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுகலை படிக்கிறேன். பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் இறங்கும் கருப்புத் தண்ணீரைப் பற்றித்தான் என் ஆய்வு. கிடங்கு சதுப்பின் மடியிலேயே இருக்கிறது. அங்கே சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு. அதனால் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

என் நெறியாளர் "கடைசியில் ஒரே எண்ணாகச் சொல்" என்கிறார். குப்பைக்குள் ஊறி வெளியே வரும் கசிவுநீர் எவ்வளவு மாசுபட்டது என்று சொல்லும் கசிவுநீர் மாசுக் குறியீடு, அதாவது எல்.பி.ஐ. கணக்கிடச் சொன்னார். அதற்கு 18 சோதனைகள் வேண்டும். எங்கள் துறை ஆய்வகத்தில் ஆறுதான் செய்ய முடியும்: பி.எச். (அமிலமா காரமா என்ற அளவு), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்), பி.ஓ.டி. (கரிமப் பொருளை நுண்ணுயிர் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்), சி.ஓ.டி. (அதையே வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்), அம்மோனியா, குளோரைடு. மீதி இல்லாவிட்டாலும் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறதாம். அதை வைத்துக் கணக்கிட்டு, மற்ற ஊர்க் கிடங்குகளின் எண்ணோடு ஒப்பிடலாமா? இப்போது மே மாதம், போய் எடுக்க வசதி. ஒரே தடவை மாதிரி எடுத்தால் போதுமா?

எடைக்கணக்கு:

நல்ல தலைப்பு. புதிதாக வருபவர்களுக்காக எல்.பி.ஐ. பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2000-களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி. டெல்லியில் தினேஷ் குமாரும் பாபு அலப்பட்டும் உருவாக்கிய முறை இது. எந்தெந்தப் பொருளை அளப்பது, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது என்று வல்லுநர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கேள்வித்தாள் அனுப்பிக் கருத்து வாங்கித் தொகுத்தார்கள். அப்படி 18 அளவுருக்கள் தேறின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை. குரோமியத்துக்கு 0.064, ஈயத்துக்கு 0.063, சி.ஓ.டி.க்கும் பாதரசத்துக்கும் 0.062, அம்மோனியாவுக்கு 0.051, இரும்புக்கு 0.045. எல்லாம் கூட்டினால் 1.

ஒவ்வொரு பொருளின் செறிவையும் அதற்கான வளைகோட்டில் வைத்துப் பார்த்தால் 5 முதல் 100 வரை ஒரு துணை மதிப்பெண் வரும். அதை எடையால் பெருக்கிக் கூட்டினால் எல்.பி.ஐ. கிடைத்துவிடும். கூடக் கூட ஆபத்து. சுத்திகரித்த கசிவுநீரை நீர்நிலையில் விடுவதற்கு நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்புகளை இதே கணக்கில் போட்டால் 7.378 வருகிறது. ஒப்பிட அது ஓர் அடிக்கோடு.

சோதனைகள் குறைந்தால், இருப்பவற்றின் கூட்டுத்தொகையை அவற்றின் எடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கலாம். மூலக் கட்டுரையே அதற்கு இடம் தருகிறது. ஆகவே நீங்கள் செய்யப்போவது தவறல்ல.

பாறையும்நீரும்:

மேலே சொன்ன எதுவும் தவறில்லை. ஆனால் அந்த வகுத்தலில்தான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தங்கையின் ஆறு அளவுருக்களின் எடையைக் கூட்டிப் பாருங்கள்: 0.055, 0.050, 0.061, 0.062, 0.051, 0.048. மொத்தம் 0.327. குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அளந்திருக்கிறோம்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கும் துணை மதிப்பெண் 50. வகுத்தால் எல்.பி.ஐ. 50. இப்போது மீதிப் பன்னிரண்டையும் அளந்தோம், உலோகம், சயனைடு, பீனால் எல்லாம் மிகக் குறைவாக இருந்து தலா 5 மதிப்பெண் வந்தது என்று வையுங்கள். 0.327 × 50 = 16.35. 0.673 × 5 = 3.37. கூட்டினால் 19.7 தான். அதே தண்ணீர், அதே நாள். ஒருவர் 50 என்று எழுதுவார், இன்னொருவர் 20 என்று எழுதுவார்.

நம் ஊர் வீட்டுக் குப்பையில் ஈரக்கழிவு அதிகம். கரிமமும் அம்மோனியாவும் தூக்கலாகவும் உலோகங்கள் பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும். எனவே விலை மலிவான சோதனைகளை மட்டும் செய்கிறவருக்கு எண் பெரும்பாலும் மேலே போகும். 18-ஐயும் அளந்த ஊரின் எண்ணோடு அதை வைத்து "எங்கள் கிடங்குதான் மோசம்" என்று முடிவு கட்டினால் அது பொய் முடிவு. ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு இடத்திலும் அளந்திருக்கும் அளவுருக்களை மட்டும் எடுத்து இரண்டுக்கும் புதிதாகக் கணக்கிடுங்கள். எந்தெந்த அளவுரு என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சதுப்பு_மாணவி:

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அண்ணா. நான் குறித்து வைத்திருந்த கட்டுரைகளை இப்போது திரும்பப் பார்த்தேன். ஒன்றில் 8 அளவுரு, ஒன்றில் 11. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு வைத்திருந்தேன். அந்த அட்டவணையை அழித்துவிட்டேன்.

கண்ணாடிக்குடுவை:

முப்பது வருஷம் தண்ணீர்ச் சோதனை ஆய்வகத்தில் இருந்தவன். சூத்திரத்துக்கு முன்னால் பாட்டிலைப் பற்றிப் பேசுவோம், அம்மா. பாட்டில் தவறினால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றையும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். குப்பைக்குள்ளிருந்து வரும் நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். வெளியே வந்ததும் அது பறந்துபோய் பி.எச். ஏறிவிடும். கல்லூரிக்குக் கொண்டுவந்து அளந்தால் வேறு தண்ணீரை அளந்த மாதிரிதான். இரும்பும் அப்படியே: உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் கரைந்து கிடக்கும், காற்றுப் பட்டதும் துரு நிறத்தில் அடியில் படிந்துவிடும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் அங்கேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள். சி.ஓ.டி.க்கும் அம்மோனியாவுக்கும் தனி பாட்டில், கந்தக அமிலம். பி.ஓ.டி.க்கு அமிலம் கூடாது, பனிக்கட்டியில் வைத்து அன்றே தொடங்குங்கள். அமிலம் விடும்போது கசிவுநீர் பொங்கும், மெதுவாக விடுங்கள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

சி.ஓ.டி.யில் ஒரு பொறி உண்டு. குளோரைடும் சேர்ந்து ஆக்சிஜனேற்றமாகி எண்ணைக் கூட்டிக் காட்டும். பாதரச சல்பேட் சேர்ப்பது அதைக் கட்டிவைக்கத்தான். லிட்டருக்கு 2,000 மி.கி.க்கு மேல் குளோரைடு இருந்தால் அதுவும் தாங்காது, மாதிரியை நீர்த்துவிட்டுச் செய்யுங்கள். பள்ளிக்கரணைப் பக்கம் உப்புத்தண்ணீர், ஆகவே முதலில் குளோரைடு, பிறகு சி.ஓ.டி. செய்து முடித்த பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மாசை அளக்கப் போய் மாசு செய்யக் கூடாது.

பி.ஓ.டி.யும் ஏமாற்றும். ஒரே மாதிரியைப் பல அளவில் நீர்த்துச் செய்யுங்கள். அதிகம் நீர்த்ததில் பி.ஓ.டி. கூடிக்கொண்டே போனால் தண்ணீரில் நுண்ணுயிரைக் கொல்லும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குறைந்த எண்ணைப் பார்த்து "கரிமம் குறைவு" என்று எழுதிவிடாதீர்கள். விதைநீர், அதாவது நுண்ணுயிர் உள்ள நீர், சேர்க்க மறக்காதீர்கள்.

பி.ஓ.டி.யை சி.ஓ.டி.யால் வகுத்துப் பாருங்கள். 0.5 பக்கம் வந்தால் புதுக் குப்பையின் நீர். 0.1-க்குக் கீழே போனால் பழைய குப்பை, அதில் நுண்ணுயிர் தின்னக்கூடியது தீர்ந்துபோய்விட்டது. அந்த வயதில் பி.எச். 7.5-க்கு மேலே இருக்கும், ஆனால் அம்மோனியா மட்டும் இறங்காது. பல ஆண்டுகள் அப்படியே நிற்கும்.

மேட்டுத்தெரு:

நான் படித்தவன் இல்லை, மன்னிக்கவும். வேறொரு குப்பை மேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருபது வருஷமாக இருக்கிறோம். எந்த ஊர் என்று வேண்டாம். எங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். நைட்ரேட் மிகக் குறைவு, குப்பையால் பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பிடித்து வைத்த ஒரு மணி நேரத்தில் குடம் செம்மண் நிறமாகிறது. ஒரு மாதிரி நாற்றம் வருகிறது. துணி மஞ்சளாகிவிடுகிறது. தாளில் எழுதியது சரியா, நாங்கள் பார்ப்பது சரியா?

பாறையும்நீரும்:

ஐயா, நீங்கள் பார்ப்பது சரி. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உங்கள் குடம் சொல்வது நல்ல தகவல்.

குப்பையிலிருந்து வரும் நைட்ரஜன் அம்மோனியாவாகத்தான் வரும். அது நைட்ரேட்டாக மாற ஆக்சிஜன் வேண்டும். கிடங்கை ஒட்டிய நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். இருக்கும் நைட்ரேட்டையும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டுவிடும். அதனால் கசிவு அதிகமாகப் பாயும் இடத்திலேயே நைட்ரேட் குறைவாகக் காட்டும். குறைந்த நைட்ரேட்டும் கரைந்த இரும்பும் சேர்ந்து வருவது நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அடையாளம். காற்றுப் பட்டதும் அந்த இரும்பு துருவாகப் படிவதைத்தான் நீங்கள் குடத்தில் பார்க்கிறீர்கள். இரும்பு மட்டும் இயற்கையாகவும் வரலாம், அதனால் அதை வைத்தே குப்பைமேல் பழி போட முடியாது. அம்மோனியாவையும் பொட்டாசியத்தையும் பாருங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் அம்மோனியாவின் வரம்பு லிட்டருக்கு 0.5 மி.கி. முடிவு தெரியும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள், ஐயா.

எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பார்க்கச் சொல்லியிருந்தன. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிலத்தடி நீர்ப் பட்டியலில் நைட்ரேட் இருந்தது, அம்மோனியா இல்லை. வெளியே விடும் கசிவுநீருக்கான பட்டியலில் மட்டும் லிட்டருக்கு 50 மி.கி. என்று அம்மோனியா நைட்ரஜன் வரம்பு இருந்தது. கிணற்றைத் தேடி வரும் பொருளைக் கிணற்றில் தேடாமல் விட்டால் இந்த ஐயாவுக்குக் கிடைத்த மாதிரித் தாள்தான் எல்லோருக்கும் கிடைக்கும்.

தங்கைக்கு: பெருங்குடியில் குளோரைடை மட்டும் நம்பி மாசின் பாதையைத் தேடாதீர்கள். மற்ற ஊர்களில் அது அருமையான தடயம், மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடே ஓடும். இங்கே சதுப்பே உவர்நீர். கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19,000 மி.கி., சோடியம் சுமார் 10,800, பொட்டாசியம் சுமார் 390. அதாவது சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 27 பக்கம் வரும். கசிவுநீரில் பொட்டாசியம் தூக்கலாக இருப்பதால் அதே விகிதம் மிகச் சிறிய எண்ணாகிவிடும். கடலா குப்பையா என்று பிரிக்க இது மலிவான வழி. களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே தூரம் போகப் போக இதன் பேச்சை அளவாகத்தான் கேட்க வேண்டும்.

சாக்கடையும் கலக்கும் இடம் அது. வீட்டுச் சாக்கடையில் அம்மோனியா லிட்டருக்குச் சில பத்து மி.கி., கசிவுநீரில் பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல். ஒப்பிடுவதற்கு, கிடங்கின் பாதிப்பு எட்டாத மேட்டுப்பக்கத்தில் ஒரு கிணறு, சாக்கடை மட்டும் வரும் இடத்தில் ஒரு மாதிரி. இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எடைக்கணக்கு:

அம்மோனியா விஷயத்தில் முழுதும் உடன்படுகிறேன். எல்.பி.ஐ.யில் அதற்கு 0.051 எடைதான் என்பது எனக்கும் குறையாகவே படுகிறது. 18 எடைகளும் 0.045-க்கும் 0.064-க்கும் நடுவே நெருங்கி நிற்கின்றன, ஏறத்தாழ எல்லாமே சமம் என்று வைத்த மாதிரி.

ஆனால் எண்ணையே தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாவட்டத்தில் ஐந்து கிடங்குகள், பணம் ஒன்றை மூடுவதற்குத்தான் என்றால், முடிவெடுக்கும் மேசையில் 18 பத்தி கொண்ட அட்டவணையை யாரும் படிக்க மாட்டார்கள். ஐந்து இடத்திலும் ஒரே 18-ஐ, ஒரே பருவத்தில் அளந்து எண் கொடுத்தால் வரிசைப்படுத்தலாம். அதற்காகவே பிறந்த கருவி இது.

பாறையும்நீரும்:

வரிசைப்படுத்தவும் ஓட்டம் தெரிய வேண்டுமே, அண்ணா. எல்.பி.ஐ. செறிவை மட்டும் பார்க்கிறது. ஒரு குடம் விஷமா, ஒரு ஓடை நிறைய விஷமா என்று அதற்குத் தெரியாது. மே மாதத்தில் எடுத்தால் போதுமா என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது.

கிடங்கிலிருந்து வரும் வாய்க்காலில் ஓட்டத்தை அளக்க 90 பாகை வி-வெட்டுத் தகடு (நடுவில் V வடிவில் வெட்டிய தடுப்பு) ஒன்றை வைத்தோம் என்று கொள்ளுங்கள். வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் 5 செ.மீ. இருந்தால் விநாடிக்குச் சுமார் 0.77 லிட்டர், நாளுக்கு 66,600 லிட்டர். 10 செ.மீ. ஆனால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், நாளுக்கு 3,77,000 லிட்டர். மட்டம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

இப்போது கோடையில் அம்மோனியா 1,000 மி.கி., மட்டம் 5 செ.மீ. என்று வையுங்கள். நாளுக்கு 67 கிலோ வெளியேறுகிறது. மழையில் நீர்த்து 300 மி.கி. ஆகிறது, மட்டம் 10 செ.மீ. நாளுக்கு 113 கிலோ. தாளில் மாசு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, சதுப்புக்குள் போனதோ சுமார் 1.7 மடங்கு. (இவை கணக்குக்காக எடுத்த எண்கள், பெருங்குடியின் எண்கள் அல்ல.) எல்.பி.ஐ. மட்டும் போட்டிருந்தால் மழைக்காலத்தில் நிலைமை தேறிவிட்டது என்று எழுதியிருப்போம்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. ஒரு ஏக்கரில் 100 மி.மீ. பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். மேலே மூடாத குப்பையில் அதில் கணிசமான பங்கு உள்ளே இறங்கும். அதை மே மாதத்து ஒரு பாட்டில் எப்படிச் சொல்லும்?

சதுப்பு_மாணவி:

புரிகிறது. ஆனால் அங்கே ஒரே வாய்க்கால் இல்லை, அண்ணா. மேட்டின் அடி முழுக்க ஆங்காங்கே ஊறி நிற்கிறது. மழையில் சதுப்பின் மட்டமே ஏறிவிடுமே, அப்போது வி-வெட்டு வேலை செய்யுமா?

பாறையும்நீரும்:

செய்யாது. கீழ்ப்பக்க நீர் வெட்டின் அடியைத் தொட்டுவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. சரியான கேள்வி கேட்டீர்கள்.

அப்போது இரண்டாவது வழி, நீர்ச் சமநிலை. பெய்த மழையிலிருந்து மேலே வழிந்தோடியதையும் ஆவியானதையும் குப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டதையும் கழித்தால் கீழே இறங்கியது கிடைக்கும். துல்லியம் குறைவுதான், ஆகவே ஒரே எண்ணாக எழுதாமல் "இதிலிருந்து இது வரை" என்று எழுதுங்கள். வாய்க்கால் ஓடும் சில இடங்களில், மட்டம் ஏறுவதற்கு முன் வி-வெட்டில் எடுத்த அளவை வைத்து அந்தக் கணக்கைச் சரிபாருங்கள். முதல் பெருமழையன்று கட்டாயம் எடுங்கள், மாதக்கணக்கில் காய்ந்து சேர்ந்ததை அடித்துக்கொண்டு வருவது அந்த மழைதான்.

பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டித் தரம் பிரித்து அகற்றுவது) நடக்கும் பக்கத்தையும் நடக்காத பக்கத்தையும் தனித்தனியாக வையுங்கள். பழைய குப்பையைத் தோண்டித் திறக்கும்போது காற்றும் மழையும் உள்ளே போகும், நீரின் குணமே மாறும். கலந்து சராசரி போட்டால் எதுவும் தெரியாது.

கண்ணாடிக்குடுவை:

சதுப்புப் பக்கத்தில் அம்மோனியா எடுக்கும்போது பி.எச்.-ஐயும் வெப்பத்தையும் கூடவே எழுதுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் மீன். அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும், மீனைக் கொல்வது பெரும்பாலும் அயனியாகாத, அதாவது மின்னூட்டம் இல்லாத வடிவம். 30 பாகை செல்சியஸில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. 8 என்றால் 7.5 சதவீதம். 9 என்றால் 45 சதவீதம். பாசி பிடித்த தண்ணீரில் மதிய வெயிலில் பி.எச். ஏறும். காலை எட்டு மணிக்குப் பாதிப்பில்லாத அதே தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு மீனைக் கொல்லலாம். ஒரு நாளாவது காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அளந்துவிடுங்கள், அம்மா.

சதுப்பு_மாணவி:

நெறியாளரிடம் நேற்று இதையெல்லாம் காட்டினேன். ஒரு மணி நேரம் பேசினோம். மே, முதல் பெருமழை, நவம்பர், ஜனவரி என்று நான்கு முறை எடுக்க ஒத்துக்கொண்டார். பொட்டாசியமும் சோடியமும் பக்கத்துத் துறையில் செய்து தருகிறார்கள். உலோகங்களை நான்கு முறையும் செய்யப் பணமில்லை, மே மாதமும் நவம்பரும் மட்டும் வெளி ஆய்வகத்தில் கொடுக்கிறோம். அந்த இரண்டு முறைக்குத்தான் எல்.பி.ஐ. எழுதுவேன், எத்தனை அளவுரு என்று பக்கத்திலேயே போட்டு. மற்ற முறைகளுக்கு அம்மோனியா, சி.ஓ.டி. இரண்டையும் நாளுக்கு எத்தனை கிலோ என்று எழுதப் போகிறேன். சதுப்பு வனத்துறையின் கையில் இருப்பதால் உள்ளே போக அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வரும் வரை கிடங்கின் பாதிப்பு எட்டாத மேட்டுப்பக்கக் கிணறுகளைத் தேடுகிறேன்.

எடைக்கணக்கு அண்ணா, வளைகோடுகளிலிருந்து துணை மதிப்பெண் படிக்கும்போது எனக்கும் தோழிக்கும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் வருகிறது. என்ன செய்வது?

எடைக்கணக்கு:

இருவரும் தனித்தனியாகப் படித்து, இரண்டு எண்ணையும் எழுதிச் சராசரி எடுங்கள். வித்தியாசத்தை ஆய்வேட்டில் மறைக்காதீர்கள். நாளுக்கு எத்தனை கிலோ என்று எழுதுவது எனக்கும் பிடித்திருக்கிறது, நான் வேலை செய்யும் இடத்தில் அடுத்த அறிக்கையில் எல்.பி.ஐ.க்குப் பக்கத்தில் அந்தப் பத்தியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

மேட்டுத்தெரு:

நீங்கள் சொன்னபடி அம்மோனியா பார்க்கக் கொடுத்தோம். லிட்டருக்கு 6 மி.கி. என்று வந்திருக்கிறது. தெருவில் இன்னும் நான்கு வீட்டுக்காரர்களும் கொடுக்கப் போகிறார்கள். இந்தத் தடவை நானே கூடப் போய், எந்த பாட்டிலில் அமிலம், எதில் பனிக்கட்டி என்று பார்த்து வாங்கிவந்தேன். குடிக்கவும் சமைக்கவும் இப்போது லாரித் தண்ணீர்தான். பொட்டாசியத்துக்கு எந்த பாட்டில் என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.

கண்ணாடிக்குடுவை:

பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம். உலோகத்துக்குக் கொடுக்கும் அதே பாட்டிலிலேயே பொட்டாசியமும் பார்த்துவிடலாம், தனியாக வேண்டாம். மோட்டாரை முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு பிடியுங்கள். ஐந்து வீட்டிலும் ஒரே நாள், ஒரே ஆள் பிடிக்கட்டும். போர்வெல் எத்தனை அடி ஆழம் என்று ஒவ்வொரு பாட்டிலிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.